வெள்ளியின் நான்கு விலைகள்

ஒரு வெள்ளி நாணயத்துக்கு நான்கு விலைகள் உண்டு. முகத்தில் பொறித்திருக்கும் விலை ஒன்று. நாணயச்சாலை அதை விற்ற விலை ஒன்று. அதில் அடங்கிய வெள்ளியின் விலை ஒன்று. அதன்மீது ஆசைப்படும் இன்னொருவர் கொடுக்கத் துணியும் விலை ஒன்று. இந்த நான்கும் ஒத்துப்போவது அபூர்வம். எந்த விலையைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று தெரியாமல் பேரத்துக்கு உட்காருபவர்தான் கடைசியில் நஷ்டப்பட்டு எழுந்திருக்கிறார். பெரும்பாலும் அவர் நாணயம் சேர்த்தவராக இருப்பதில்லை. சேர்த்தவரின் மனைவியாகவோ மகனாகவோ இருப்பார்.

மும்பையின் வடகிழக்கு எல்லையில், தானேவுக்கு முந்தைய ஸ்டேஷன் முலுண்ட். அங்கே பாஞ்ச் ரஸ்தாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரைத் தேடி அப்படிப்பட்ட மனைவிகளும் மகன்களும் வருகிறார்கள். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் வருகிறார்கள். கையில் பிஸ்கட் டின், பழைய சுருக்குப் பை, சில சமயம் பூஜை அறையிலிருந்து அப்படியே எடுத்து வந்த பித்தளைச் சொம்பு. எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: “இது என்ன விலை போகும்?” இவர் வியாபாரி அல்ல, எதையும் வாங்குவதில்லை. எழுபது வயதைத் தாண்டிய இவரிடம் ஒரு சிறிய எலெக்ட்ரானிக் தராசும், ஒரு பூதக்கண்ணாடியும், ஐம்பது வருட அனுபவமும் இருக்கின்றன. விலை சொல்வதற்கு முன் அவர் கேட்கும் எதிர்க்கேள்வி: “எந்த விலை?”

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1972ல் வங்கி வேலைக்காகப் பம்பாய் வந்தவர் அவர். மாட்டுங்காவில் நான்கு பேரோடு ஓர் அறை. கல்யாணத்துக்குப் பின் செம்பூரில் வாடகை வீடு. வங்கிக் கடனில் சொந்த வீடு முலுண்டில். பம்பாய்த் தமிழர்கள் பலருக்கும் ரயில் தடம் போட்டுக் கொடுத்த வாழ்க்கைதான். நாணயப் பைத்தியம் பிடித்தது வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே. சுதந்திர வெள்ளி விழாவுக்காக வெளியிடப்பட்ட 10 ரூபாய் வெள்ளி நாணயம் அது. ஒரு பக்கம் அசோகச் சிங்கம். மறு பக்கம் நாடாளுமன்றத்தின் முன்னால் கொடி பிடித்து நிற்கும் ஓர் இளம் ஜோடி. ஒரு நோட்டைக் கொடுத்து அதே மதிப்புள்ள வெள்ளியை வாங்க முடிவது அந்த இளைஞருக்கு மந்திரம் போலத் தோன்றியது.

மந்திரம் மூன்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964ல் நேரு மறைந்த பின் வந்தன. ஆனால் அவை நிக்கல். வெள்ளி வந்தது 1969ல், காந்தி நூற்றாண்டுக்கு. 10 ரூபாய் மதிப்பு, 15 கிராம் எடை, நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. ஆக 12 கிராம் சுத்த வெள்ளி. அடுத்த ஆண்டு ‘அனைவருக்கும் உணவு’ என்ற வாசகத்துடன் உலக உணவு அமைப்புக்காக அதே எடையில், அதே மாற்றில் ஒன்று வந்தது. 1972ன் வெள்ளி விழா நாணயம் பார்க்கப் பெரியது. 22.5 கிராம் எடை. கையில் வைத்தால் காந்தி நாணயம் சின்னப் பிள்ளை போலத் தெரியும். ஆனால் வெள்ளி பாதிதான். கணக்குப் போட்டால் 11.25 கிராம். பெரிய நாணயத்தில் சின்ன நாணயத்தைவிட வெள்ளி குறைவு!

இந்தப் பாதி வெள்ளிக்கு ஒரு பூர்வகதை உண்டு. விக்டோரியா காலத்து ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா எடை. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்றுக்கும் மேல் வெள்ளி. இரண்டாம் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1940ல் பிரிட்டிஷ் அரசு அதைப் பாதியாக்கியது: 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம். 1947ல் ரூபாய் முழுக்க நிக்கலாகிவிட்டது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைப் பின்னால் இந்தியா திருப்பிக் கொடுத்தது, புழக்கத்திலிருந்து திரும்பி வந்த இந்தப் பாதி வெள்ளி நாணயங்களைச் சுத்திகரித்துத்தான். போர் முடிந்து, கடன் அடைந்து, வெள்ளைக்காரன் போய்விட்ட பிறகும் அந்தச் சமையல் குறிப்பு மட்டும் போகவில்லை. 1980களிலிருந்து வந்த 100 ரூபாய் நினைவு நாணயங்களில் பல இதே நான்கு உலோகக் கலவைதான். 2023ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்புக்கு வெளியான 75 ரூபாய் நாணயமும் அதுவே: 35 கிராம் எடை, 17.5 கிராம் வெள்ளி.

முகத்திலுள்ள எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்கள் பெருமைப்படும் நாணயம் ஒன்றே சாட்சி. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, 2010 என்று ஆண்டு பொறித்து 1,000 ரூபாய் நாணயம் ஒன்று வந்தது. இந்தியாவில் அந்த மதிப்பில் வந்த முதல் நாணயம் அதுதான். 35 கிராமில் 80 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி 28 கிராம். 2024ல் ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டு நிறைவுக்கு 90 ரூபாய் நாணயம் வந்தது. எடை 40 கிராம், ஏறக்குறைய முழுவதும் வெள்ளி. அதாவது, வெள்ளிக் கணக்கில் 90 என்பது 1,000ஐவிடப் பெரியது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத கணிதம்.

போன ஆண்டு இந்தக் கணிதம் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. தாராவியிலிருந்து வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா முலுண்ட்காரருடன் ஒரே கிளையில் கடைநிலை ஊழியராக இருந்தவர். சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். பேத்திக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பிஸ்கட் டின்னில் 14 காந்தி நாணயங்கள், 1972ன் ஜோடி நாணயங்கள் ஆறு, ஆறாம் ஜார்ஜின் போர்க்கால ரூபாய் எட்டு. ஓரத்தில், நாணயச்சாலையின் பெட்டியோடு 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் 100 ரூபாய் நாணயம் ஒன்று.

“மாமா, நகைக்கடையில காட்டினேன். எல்லாத்தையும் ஒண்ணாத் தராசுல போட்டான். அத்தனையும் கலப்படம், பாதிதான் வெள்ளின்னுட்டான். பெட்டியில இருக்கிறதுக்கும் அதே விலைதானாம். குடுத்துடலாமா?”

“இருங்க தம்பி. அவன் சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு” என்றார் முலுண்ட்காரர்.

ஜார்ஜும் ஜோடியும் பாதி வெள்ளிதான். அதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. காந்தி அப்படியல்ல. 14 காந்தி நாணயங்களின் எடை 210 கிராம். பாதி என்று கணக்கிட்டால் 105 கிராம் வெள்ளி. உள்ளபடி இருப்பது 168 கிராம். ஒரே தராசில், ஒரே வார்த்தையில் 63 கிராம் வெள்ளி காணாமல் போகவிருந்தது. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட 6,300 ரூபாய். விலை ஏற ஏற இந்த ஓட்டையும் பெரிதாகும்.

வாங்குபவர் உருக்குவதற்காக வாங்குகிறார் என்றால் சட்டமும் குறுக்கே வரும். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் தண்டனைக்குரிய குற்றம். ஆனாலும் வெள்ளி விலை துள்ளும்போதெல்லாம் உலகம் முழுவதும் நாணயங்கள் உலைக்குப் போயிருக்கின்றன. 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் வெள்ளி ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டபோது, அமெரிக்க வீடுகளில் சேர்த்து வைத்திருந்த பழைய வெள்ளி நாணயங்கள் மூட்டை மூட்டையாக உருகிப் போயின. மார்ச்சில் விலை சரிந்தது. உருகியவை உருகியவைதான்.

தாராவி டின்னுக்கு வருவோம். மூன்றாவது விலை தெரிந்துவிட்டது. நான்காவது?

அதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். நாணயத்தில் ஆண்டு பொறித்த இடத்துக்குக் கீழே சின்ன வைர வடிவம் இருந்தால் அது மும்பை நாணயச்சாலையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. காந்தி 10 ரூபாயில் மும்பை அடித்ததுதான் மிகப் பெரும்பகுதி. கொல்கத்தா அடித்தது கொஞ்சம். எனவே ‘ஒன்றுமில்லாத’ நாணயத்துக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். டின்னிலிருந்த 14ல் இரண்டில் வைரம் இல்லை. முலுண்ட்காரர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். காந்தியின் கன்னத்திலும் நெற்றியிலும் நூல் நூலாக ஆயிரம் கீறல்கள்.

“வீட்டுல இதைத் தேய்ச்சாங்களா?”

“அம்மா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு விபூதி போட்டுத் தேய்ப்பா மாமா. பளபளன்னு இருக்கும்.”

தமிழ் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் விபூதியில்தான் துலங்குகின்றன. விளக்குக்கு அது நல்லது. நாணயத்துக்கு அது எமன். வெள்ளி மென்மையான உலோகம். விபூதியோ, சாம்பலோ, பற்பசையோ, எதைப் போட்டுத் தேய்த்தாலும் அச்சின் மேல்தோல் போய்விடும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுப்பது இயற்கை. வருடக்கணக்கில் மெல்லப் படியும் அந்தச் சாம்பல் நீலத்தையும் பழுப்பையும் விரும்பி, அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தேய்த்த நாணயத்தின் செயற்கைப் பளபளப்பைக் கண்டதும் அவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். நாற்பது வருடம் ஒரு தாய் பக்தியோடு செய்த காரியம், அந்த நாணயங்களை நான்காவது விலையிலிருந்து மூன்றாவது விலைக்கு இறக்கிவிட்டது. இதை அந்த மகனிடம் முலுண்ட்காரர் சொல்லவில்லை. “அம்மாகிட்ட இனிமே தேய்க்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

தப்பித்தது 1982ன் நாணயம். பெட்டி அழகாக இருக்கிறதே என்று அதை யாரும் திறக்கவில்லை. அது ‘புரூஃப்’ வகை. மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வெள்ளித் தகட்டை வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுப்பது. தரை கண்ணாடி போல மின்னும். உருவம் பனி படர்ந்தது போல மங்கித் தெரியும். சேகரிப்பாளர்களுக்காகவே தயாராவது. அந்தக் காலத்தில் மும்பை புரூஃப் நாணயங்களில் வைரத்துக்குப் பதில் ஆங்கில ‘பி’ எழுத்து இருக்கும்; ஊர்ப் பெயர் மாறிய பின் அது ‘எம்’ ஆயிற்று. புரூஃப் நாணயத்தை விரலால் தொட்டால் போதும், ரேகை காலத்துக்கும் நிற்கும். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். சாதாரண மலிவு பிளாஸ்டிக் உறையில் போட்டால் மும்பையின் நான்கு மாத மழைக்காலத்தில் பச்சைப் பசை பூத்துவிடும். அதற்கென்று விற்கும் கூட்டில் வைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போட்டு வைப்பதே வழி.

இந்தப் பெட்டி நாணயங்களில்தான் இரண்டாவது விலை வருகிறது. கோட்டைப் பகுதியில், ரிசர்வ் வங்கிக்கு எதிரே நிற்கும் மும்பை நாணயச்சாலைக்கு வயது இருநூறை நெருங்குகிறது. மராத்தியில் அது டாங்க்சாள். சென்னைக்காரர்கள் மின்ட் தெருவைத் தங்கசாலை என்கிறார்களே, அதே வேர்தான். ஒரு காலத்தில் படிவம் பூர்த்தி செய்து, டிமாண்ட் டிராஃப்ட் இணைத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முலுண்டிலிருந்து ரயிலேறி வி.டி.யில் இறங்கி, ‘இன்னும் வரவில்லை’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய நாட்கள் அந்த வங்கிக்காரருக்கு ஏராளம். நாணயச்சாலைகள் இப்போது 2006ல் அமைந்த ஓர் அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. விற்பனை இணையத்தில் நடக்கிறது. ஆனால் ஒன்று மாறவில்லை. முகத்தில் 100 என்று போட்டிருக்கும் நாணயத்தை நாணயச்சாலை 100 ரூபாய்க்குத் தருவதில்லை. வெள்ளி, வேலைப்பாடு, பெட்டி எல்லாம் சேர்த்து அதைப் போலப் பல மடங்கு. வாங்கியவர் அதைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கலாம், சட்டப்படி செல்லும். அப்போது அதன் மதிப்பு வெறும் 100 ரூபாய். அப்படிச் செய்பவர் யாரும் இருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அந்த எண் அங்கே இருக்கிறது.

நான்காவது விலையை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் உணர்ச்சிதான். தமிழர்களுக்கு இதில் பங்கு குறைவில்லை. காமராஜர், அண்ணா, சி. சுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். என்று நூற்றாண்டு நாணயங்களின் வரிசை நீளம். அண்ணாவின் 5 ரூபாய் நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வெளியான கருணாநிதி நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்ற வாசகம் தமிழிலேயே பொறிக்கப்பட்டது. இப்படி ஒரு நாணயம் வெளியான வாரத்தில் எல்லோருக்கும் அது வேண்டும். கைமாறும் விலை ஏறும். இரண்டு வருடம் கழித்து, வாங்கியவர்களில் பாதிப் பேர் விற்க நினைக்கும்போது வாங்க ஆளிருக்காது. ‘வெளியான வாரத்தில் வெளியாரிடம் வாங்காதே’ என்பது முலுண்ட்காரரின் முதல் விதி.

இரண்டாவது விதி, எல்லா வெள்ளிக் காசும் நாணயமல்ல என்பது. குஜராத்திகளும் கட்சிகளும் நிறைந்த முலுண்டில் தந்தேரஸ் அன்று நகைக்கடைகளில் லட்சுமி, விநாயகர் பொறித்த வெள்ளிக் காசுக்குக் கூட்டம் நெரியும். பல தமிழ் வீடுகளும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டன. நல்ல வெள்ளிதான், ஆனால் அது பதக்கம். அசோகச் சிங்கமும் நாட்டின் பெயரும் ரூபாய் மதிப்பும் அதில் இருக்காது. அதற்கு உலோக விலை மட்டுமே. விற்கப் போகும்போது செய்கூலி திரும்பி வராது.

மூன்றாவது விதி, லட்ச ரூபாய் ஆசை. வைஷ்ணவ தேவி பொறித்த நாணயத்துக்கு லட்சங்கள் தருவதாக அவ்வப்போது விளம்பரங்கள் வருகின்றன. முதலில் ‘கமிஷன்’, ‘வரி’ என்று ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். கட்டியவரோடு சரி. தன் பெயரைச் சொல்லி இந்த மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டுப் புழக்கத்தில் திரியும் நாணயத்துக்கு எவரும் லட்சம் தர மாட்டார். பழையது என்பதாலேயே எதற்கும் விலை வராது. குறைவாக இருக்க வேண்டும், கெடாமல் இருக்க வேண்டும், வேண்டும் என்று கேட்க ஆளிருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நான்காவது விலை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த தாராவி மகன் எடுத்த முடிவு எளிமையானது. காந்தியில் பன்னிரண்டையும், ஜோடியையும், ஜார்ஜையும் கோட்டைப் பகுதியில் ஒரு நாணய வியாபாரியிடம், எடையும் மாற்றும் தனித்தனியாக எழுதிய சீட்டோடு கொண்டுபோனார். சீட்டைப் பார்த்த வியாபாரி பாதிக் கணக்கைப் பற்றிப் பேசவே இல்லை. பெட்டி நாணயத்துக்கு வெள்ளி விலைக்கு மேலேயே கிடைத்தது. இருந்தும் கல்லூரிப் பணத்துக்கு அது போதவில்லை. மீதிக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. வைரம் இல்லாத இரண்டு காந்தியை மட்டும் விற்கவில்லை. அவை சுற்றியிருந்த காகிதத்தில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு தேதி இருந்தது. மகனுக்குப் பெயர் வைத்த நாள்.

அந்தக் குடும்பம் போன பிறகு முலுண்ட்காரர் தன் அலமாரியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். மகள் பெங்களூரில்; மகன் டொரோண்டோவில். இருவருக்கும் நாணயத்தில் நாட்டமில்லை. மகன் எடுத்துப் போகலாம் என்றால், விக்டோரியா ரூபாய்கள் நூறு வயதைத் தாண்டியவை. 1972ன் தொல்பொருள் சட்டப்படி அவற்றைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டு போகக் கூடாது. கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. 2004ல் அப்துல் கலாம் திறந்து வைத்தது. அங்கே போய் வரிசையாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றைப் பார்த்து வந்தார். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு நாணயத்துக்கும் அடியில் ஒரு சீட்டு இருக்கிறது. தன் அலமாரியில் எதற்கும் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தலை போனால், நாளைக்கு மகளும் பிஸ்கட் டின்னோடு ஏதாவது தராசின் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

இப்போது புதிய நாணயம் வாங்குவதை நிறுத்திவிட்டார். பள்ளிப் பிள்ளைகளின் இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி, தினமும் மாலையில் பத்து நாணயம் வீதம் எழுதுகிறார். எடை, மாற்று, அதில் உள்ள சுத்த வெள்ளி, எந்த நாணயச்சாலை, தேய்த்ததா தேய்க்காததா, என்ன கொடுத்து வாங்கியது, புரூஃப் என்றால் பெட்டி எந்தத் தட்டில். மகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எல்லாம் தமிழில், முழு வாக்கியங்களில். நோட்டின் கடைசிப் பக்கத்துக்குத் தலைப்பு: ‘விற்கும்முன் யாரிடம் கேட்கலாம்.’ அதன் கீழே மூன்று பெயர்கள் எழுதியிருந்தார். அதில் ஒன்றை இந்த ஆண்டு அடிக்க வேண்டியதாயிற்று.